பதிலளிப்பதில் தாமதம்

கம்பெனியின் பெயர் மைனே.
எஸ்டோனிய மொழியில் நற்பெயர் என்று அர்த்தம்.
நற்பெயருக்கே பெயர் வைத்துவிட்டோம் என்று
முதல் நாள் சிரித்துக்கொண்டோம்.
தாலின் துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய பல்ப் தொழிற்சாலையின் மூன்றாம் மாடி.
ஏழு பேர், ஒரு மீன்தொட்டி,
யாரும் ஆடாத மேசைப்பந்து.

ரெய்கோ வெள்ளைப் பலகையில் எழுதினான்:
உலகத்தில் நம்பிக்கை குறைந்துவிட்டது.
ஆகவே அதை நாம் விற்போம்.
அவன் வரைந்த கோடு மேலே ஏறி ஏறி
பலகை தீர்ந்ததும் சுவரிலும் கொஞ்சம் ஏறியது.
சுவரில் ஏறியது இன்னும் அழியவில்லை.

நாலு பேர் உன்னைப் பற்றி நல்லதாகச் சொன்னால்
உன் கணக்கு திறக்கும்.
நாலு பேர் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று
பயந்திருந்த ஊரில்
நாலு பேரும் சும்மா இருந்துவிட்டால் என்ன செய்வது
என்ற புதுப் பயத்தைக் கொண்டுவந்தவர்கள் நாங்கள்.

என் வேலை முறையீடுகளைப் படிப்பது.
ஒரு பல் டாக்டர் எழுதுகிறார்:
வலித்தது என்று ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்,
பல்லைப் பிடுங்கினால் வலிக்காதா?
ஒரு டிராம் ஓட்டுநர்:
எனக்குக் கணக்கே கிடையாது,
இரண்டு புள்ளி ஒன்று எங்கிருந்து வந்தது?
நார்வாவிலிருந்து ஒருத்தி:
முன்னாள் கணவன் ஆறு பெயரில் வந்து திட்டியிருக்கிறான்,
ஆறிலும் அதே எழுத்துப்பிழை.
எல்லாருக்கும் ஒரே பதில்தான்.
உங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறோம்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லையாம்.
எங்களிடம் இருந்தது,
மாதம் ஒன்பது யூரோ.

மார்ச்சில் ஒரு கடிதம். வில்யந்தியிலிருந்து, விர்வே.
கணவர் ஹெய்னோ, கொதிகலன் பழுதுபார்ப்பவர்,
ஜனவரி பதினொன்றில் இறந்துபோனார்.
அதன்பிறகு அவர் மதிப்பெண்
நாலு புள்ளி ஏழிலிருந்து
மூன்று புள்ளி ஒன்பதுக்கு இறங்கியிருக்கிறது.
காரணம்: பதிலளிப்பதில் தாமதம்.

கணக்கை மூடச் சொல்வாள் என்று நினைத்தேன்.
இல்லை.
ஏழை திரும்பப் போடுங்கள் என்றாள்.
அவர் யாரையும் காக்க வைத்த மனுஷன் இல்லை.

ரெய்கோவிடம் கொண்டுபோனேன்.
அவன் கெட்டவன் அல்ல,
தொட்டியில் மீன் செத்தபோது அழுதவன்.
கண்ணை மூடி யோசித்தான், நிஜமாகவே யோசித்தான்.
இறந்தவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கலாம் என்றான்,
இதில் பெரிய சந்தை இருக்கிறது.

அன்று சாயங்காலம் நானே கைவைத்தேன்.
நாலு புள்ளி ஏழு.
இரவு இரண்டு மணிக்கு எந்திரம் திருத்தியது.
மறுநாளும் போட்டேன், மறுநாளும் திருத்தியது.
பத்து நாள், எனக்கும் அதற்கும்.

பதினோராம் நாள் நாலு பேரைப் படைத்தேன்.
டிராம் நிறுத்தங்களின் பெயர்களை அவர்களுக்கு வைத்தேன்.
நாலு பேரும் ஹெய்னோவைப் புகழ்ந்தார்கள்:
கொதிகலன் இப்போது முனகுவதில்லை,
சொன்ன நேரத்துக்கு வந்தார்,
காசு அதிகம் கேட்கவில்லை,
என் நாய்க்கு அவரைப் பிடித்தது.
எந்திரம் நம்பியது.
உண்மையை ஒருநாள்கூட வைத்துக்கொள்ளாதது
பொய்யை மறுபேச்சில்லாமல் விழுங்கியது.

நாலு புள்ளி எட்டு.

விர்வே எழுதினாள்:
நன்றி. ஆனால் ஒன்று கூடியிருக்கிறது.
அவர் வாங்காததை அவருக்குத் தராதீர்கள்.

ஒரு மணி நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஐந்தாவதாக ஒருத்தியை உண்டாக்கி
கொஞ்சம் குறை சொல்ல வைத்தேன்:
வேலை சுத்தம். ஆனால் பனிக் காலணியைக் கழற்றாமல்
சமையலறைக்குள் வந்துவிட்டார்.

அந்தக் கோடைக்குள் கம்பெனி கைமாறியது.
வாங்கியவர்கள் நாய்த் தீனி விற்கிறார்கள்.
மீன்தொட்டியை ரெய்கோ வீட்டுக்கு எடுத்துப்போனான்.
பெட்டியைக் காலி செய்கையில்
விர்வேயின் கடைசிக் கடிதம் கிடைத்தது,
திறக்கப்படாமல்,
எண்பத்தேழு நாளாக:

அது உண்மைதான்.
எத்தனை சொன்னாலும் கழற்றமாட்டார்.